முன்னிற்குஞ் சுரப்பிச் சத்திரசிகிச்சையும் தாதியர் பணியும்

முதிய ஆடவரை வருத்தும் பிணிகளுள் சிறுநீர்த்தடையும் ஒன்றாகும். சலப்பையின் கழுத்தைச் சூழ்ந்துள்ள முன்னிற்குஞ் சுரப்பி பெருத்துத் தன்னூடே செல்லும் சலவழியை நெருக்குதலே இதற்குப் பெரும்பான்மையும் காரணம். இதனை ஆங்கில வைத்தியர் புரொஸ்ரேற் என்பர். அயர்லாந்தினரான தெரென்ஸ் மில்லின் என்பார் 1945 ஆம் ஆண்டிலே, சலப்பையைத் திறவாது அடிவயிற்றின் வழியாக இச்சுரப்பியை அகற்றும் முறையை வெளியிட்டார். இக்காலத்தோ சலவழியூடே கருவியைச் செலுத்தி, மிகுந்த தசையைச் சீவியெடுத்தலே பெருவழக்கு. வெளியே காயம் இன்மையின் உறவினர் இதனைச் சிறு சிகிச்சையென எண்ணிவிடுகின்றனர். காயமோ உள்ளே உளது. அதன் நிலையைத் தாதிக்கு முதலில் உணர்த்துவது கதீற்றர் வழியாக இறங்கும் நீரின் நிறமேயாம்.

சத்திரசிகிச்சையின்பின் இடப்படும் கதீற்றர் மூவழி உடையது. ஒருவழி அதனை உள்ளே நிலைநிறுத்தும் சிறு பலூனுக்குரியது; மற்றொன்றாற் சேலைன் நீர் உட்செல்லும்; மூன்றாவதால் அந்நீர் குருதியோடும் சிறுநீரோடும் வெளியேறும். சேலைன் இடையறாது ஓடுவது குருதி கட்டிபடாதிருத்தற்பொருட்டு. முதலிற் சிவந்திருக்கும் நீர் படிப்படியாக இளஞ்சிவப்பாதல் வேண்டும். நிறத்துக்கேற்ப ஓட்டத்தைக் கூட்டலும் குறைத்தலும் தாதியின் கடமை. எவ்வளவு ஓடவிட்டும் செங்குருதியாகவே இறங்குமாயின் வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

கட்டியொன்று குழாயை அடைப்பின் ஆபத்து விரைந்து வரும். நீர் உட்செல்லும், வெளியேறாது. சலப்பை வீங்க, நோயாளி சலம் கழிக்கவேண்டுமெனத் துடிப்பார். "குழாய் இருந்தால் அப்படித்தான் இருக்கும், ஐயா" என்று தேற்றுவது பெரும் பிழை. நோவு மருந்து கொடுத்து அமைதியுறுவது அதனினும் பெரும் பிழை. முதலிற் சேலைனை நிறுத்துக. குழாய் மடிந்துளதா, உடலின்கீழ் நசுங்கியுளதா எனக் காண்க. அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க. பின்னரே ஊசிக்குழலாற் சேலைன் செலுத்தி மெல்லக் கழுவிக் கட்டியை வெளிக்கொணர்தல் முறை. குழாய் தடையின்றி ஓடவும் நோவு இருப்பின் அது சலப்பையின் இசிவாகலாம். அதற்கு மருந்து வேறு.

கணக்கும் இன்றியமையாதது. உட்சென்றது 3,000 மில்லிலீற்றர், வெளிவந்தது 3,400 எனின், சிறுநீர் 400 ஆகும். வெளிவந்தது குறைவாயின் எஞ்சிய நீர் எங்கே என்று கேட்டல் வேண்டும். சத்திரசிகிச்சையின்போது கிளைசீன் நீர் பயன்படுத்தப்பட்டிருப்பின், அது குருதியிற் கலந்து சோடியத்தைக் குறைத்தலுங் கூடும். அப்போது தோன்றும் மனக்குழப்பத்தையும் குமட்டலையும் முதுமைத் தடுமாற்றமென ஒதுக்குதல் தகாது.

கதீற்றரை எடுத்தபின் எரிவும் அவசரமும் சொட்டுச்சொட்டாய்க் கசிதலும் சில காலம் இருக்கும். இதற்கு நாணி நீர் அருந்தாது விடுவார் பலர். அதனாற் சிறுநீர் செறிந்து எரிவு மிகுமேயன்றிக் குறையாது. இருதய, சிறுநீரக நோயில்லாதார் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் அருந்தலாம். இடுப்பின் அடித்தசைகளைச் சுருக்கிவிடும் பயிற்சி கசிவைத் தணிக்கும். முக்கி மலங்கழித்தலும், பாரந் தூக்கலும், சைக்கிளோடலும் சில வாரம் ஆகா. கீரையும் பப்பாசிப்பழமும் மலச்சிக்கலுக்கு நல்லன.

வீடு சென்ற இரண்டாம் வாரமளவில் மீண்டும் சிறிது குருதி தோன்றலாம். ஓய்ந்திருந்து நீர் அருந்தினாற் பெரும்பாலும் தெளியும். கட்டிகள் வந்தாலோ சலம் தடைப்பட்டாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சேர்க்கையின்போது விந்து வெளிவராது சலப்பையினுட் செல்லுதலும் பலர்க்கு நேரும், அதனாற் கேடில்லை. ஆயினும் அதனைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே, அருகில் உறவினர் இல்லாத வேளையிற் சொல்லிவைத்தல் நன்று.