நாய்க்கடி ஊசியும் நரம்பின் இன்சுலேஷனும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி! இதைக் கேட்டுப் பயப்படாமல் வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எங்கள் அப்பத்தா இன்னும் ஒரு படி மேலே போகும். "ஊசி போட்டவனுக்குக் காலு வெளங்காமப் போச்சுடா, மஞ்சளை வச்சுக் கட்டு" என்று சொல்லும். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனால் தெருவில் யாரை நாய் கடித்தாலும் "ஊசி போடலாமா தம்பி?" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். நான் படிப்பதோ எலக்ட்ரிகல்! வேறு வழியில்லாமல் நூலகத்தில் தேடிப் படித்தேன். அப்பத்தா சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பழைய மருந்தின் கதை.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் செய்த மருந்து அது. ஆட்டு மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்து, ஃபீனால் ஊற்றிக் கொன்று, அந்த மூளைக் கரைசலையே ஊசியில் ஏற்றினார்கள். செலவு குறைவு. நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரித்தார்கள்.

வினை அந்த மூளையில்தான் இருந்தது. வொயரில் கம்பிக்கு மேல் பி.வி.சி. இருப்பதுபோல, நரம்புக்கு மேல் மயலின் என்ற உறை இருக்கிறது. ஆட்டு மயலினும் நம் மயலினும் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. ஊசியில் வந்த ஆட்டு மயலினை எதிர்க்கக் கிளம்பும் நம் உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் சொந்த நரம்பின் உறையையும் உரித்துவிடும். உறை போனால் சிக்னல் வழியிலேயே செத்துப்போகும். காய்ச்சல், தலைவலி, பிறகு கால் மரத்து எழுந்திருக்க முடியாது. சிலர் இறந்தும் போனார்கள். சில நூறு பேருக்கு ஒருவர் முதல் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் வரை இப்படி ஆனது. தெரிந்தும் ஏன் போட்டார்கள்? வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகச் சாவுதான். அந்தக் கணக்கை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

2004-ல் நம் நாட்டில் அந்த மருந்துத் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது கிருமியை வளர்ப்பது வீரோ போன்ற செல்களில். மூளைத் திசுவே கிடையாது, அதனால் அந்த வாதமும் இல்லை. புதிய ஊசியால் நரம்புக் கோளாறு வருவது மிக மிக அபூர்வம். கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், அவ்வளவுதான். தொப்புள் பக்கமே போகமாட்டார்கள், கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள் என்று தோலில் போடுகிறார்கள்.

கடித்தவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் சீரத்தையும் கேளுங்கள். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சீரம் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும்.