உங்களுக்குத் தெரியுமா? நீர்வேலிக் கல்லில் மின்னுவது எது?

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் கிணறு வெட்டும்போது செம்மண் முடிந்து கல் தொடங்கும். அலவாங்கு உடைத்த கல்லின் பொந்துக்குள் சில வேளை சீனி தூவியதுபோல ஒரு பூச்சு மின்னும். பார்த்தவுடன் படிகக்கல், அதாவது குவாட்ஸ், என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் கல்சைற்றுத்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். மழைநீர் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இறங்கும்போது அந்தக் கல்லைக் கரைக்கிறது. பக்கத்துப் புத்தூர் நிலாவரைக் கிணறும் அப்படிக் கரைந்த பள்ளமே. நீரிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறும் இடத்தில் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்சைற்றுப் படிகமாகிறது. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படிவதும் இதே பொருள்தான்.

வடிவத்தை மட்டும் நம்பவேண்டாம். கல்சைற்றும் நாய்ப்பல்போலக் கூராக வளரும். கத்தி முனையால் கீறுங்கள். கல்சைற்றின் கடினம் 3, கீறல் விழும். குவாட்ஸ் 7, அது போத்தல் கண்ணாடியையே கீறிவிடும். ஒரு துளி வினாகிரி விட்டால் கல்சைற்றில் சிறு குமிழிகள் எழும், குவாட்ஸ் அசையாது. தேசிக்காய்ப் புளியும் உதவும், பொறுமை வேண்டும்.

குடாநாட்டில் குவாட்ஸைப் பார்க்க ஆசையா? வல்லிபுரத்து வெண்மணலை ஒரு பிடி அள்ளுங்கள். பெரும்பகுதி அதுதான்!