பர்ஸ் மெலிஞ்சு போச்சு, பேரும் கூடவே போச்சு: பைக்ல போறவங்க சட்டைப் பையில இருக்க வேண்டிய ஒரு சீட்டு



"பெயர் தெரியாத ஆண். வயது சுமார் 35. நீலக் கட்டம் போட்ட சட்டை." அரசு ஆஸ்பத்திரியில விபத்துப் பதிவேடு ஒண்ணு இருக்கும், ஏஆர்னு சொல்லுவாங்க. அதுல இப்படி ஒரு வரி எழுதுறது அங்க டியூட்டியில இருக்கிற யாருக்கும் புதுசு இல்ல. அந்த ஆளுக்கு ஒரு பேர் இருக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடுவார்னு பார்த்துக்கிட்டிருக்கிற ஒரு வீடு இருக்கு. பாக்கெட்ல போனும் இருக்கு. ஆனா அந்த போன் பூட்டியிருக்கு.

இது ஹெல்மெட் போடச் சொல்ற வீடியோ இல்ல. நீங்க போட்டிருக்கீங்கன்னு நம்பித்தான் பேசுறேன். போட்டும் கீழ விழலாம். விழுந்து, வாய் திறந்து பேர் சொல்ல முடியாம போச்சுன்னா, உங்க பேரை யார் சொல்லுவாங்க? அதுதான் இன்னிக்கு விஷயம்.

இது எங்கயோ எப்பவோ நடக்கிறது இல்லைங்க. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல இந்தியச் சாலைகள்ல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில மாநிலங்கள்ல முதல் இடம் தமிழ்நாடு, 64,105 விபத்து.

முன்னாடி நம்ம ஆளுங்க பர்ஸ் எப்படி இருக்கும்? உக்காந்தா இடுப்பு வலிக்கிற அளவுக்குத் தடியா இருக்கும். லைசென்ஸ், ஆபீஸ் ஐடி, ஏடிஎம் கார்டு, ரெண்டு மூணு விசிட்டிங் கார்டு, குழந்தை போட்டோ, மளிகைக் கடைத் துண்டுச்சீட்டு. அதைப் பிரிச்சாலே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். இப்போ டீக்கடையில இருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் ஜிபே. டிஜிலாக்கர்லயும் எம்-பரிவாகன்லயும் காட்டுற லைசென்ஸ், ஆர்சி புக் எல்லாம் அசலுக்குச் சமம்னு 2018-லயே மத்திய அரசு சொல்லிடுச்சு. வசதிதான், நானும் அதைத்தான் பயன்படுத்துறேன். ஆனா அதோட விளைவு என்னன்னா, வீட்டை விட்டுக் கிளம்புறப்போ நம்ம உடம்புல நம்ம பேர் எழுதின ஒரு காகிதம்கூட இல்ல. எல்லாமே போனுக்குள்ள இருக்கு. போன் உங்க கைரேகைக்குத்தான் திறக்கும்.

சரி, வண்டி நம்பரை வச்சு போலீஸ் கண்டுபிடிக்க மாட்டாங்களான்னு கேப்பீங்க. கண்டுபிடிப்பாங்க, வண்டி யார் பேர்ல இருக்குன்னு. நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, பேர் மாத்தாமலே ஓட்டுற வண்டி எத்தனை! போலீஸ் போய்ப் பழைய ஓனர் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. அதைவிட மோசம், ஃபிரெண்டோட பைக்கை ஒரு அவசரத்துக்கு வாங்கிட்டுப் போறது. அப்போ "உங்க பையனுக்கு ஆக்ஸிடென்ட்"னு போன் போறது அந்த ஃபிரெண்டோட அம்மாவுக்கு. அந்தம்மா பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து பார்த்தா, படுத்திருக்கிறது வேற வீட்டுப் பிள்ளை. உங்க அம்மாவுக்கு இன்னும் தகவலே போகல.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடணும். பேர் தெரியாததுனால உங்களுக்கு சிகிச்சை நிக்காது, நிக்கவும் கூடாது. ஸ்கூட்டர்ல போன ஒருத்தர் மேல கார் மோதி, தூக்கிட்டுப் போன ஆஸ்பத்திரி சேர்த்துக்காம 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவர் வழியிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தியை வச்சுப் போட்ட வழக்குதான் பரமானந்த் கட்டாரா வழக்கு. 1989-ல உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசோ தனியாரோ, எந்த டாக்டரா இருந்தாலும் முதல்ல உயிரைக் காப்பாத்தணும், போலீஸ் நடைமுறை எல்லாம் அப்புறம். தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும்தான். நீங்க எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கா இல்லையாங்கிற கேள்வியே கிடையாது.

அப்படின்னா சட்டைப் பையில பேர் எழுதின சீட்டு எதுக்கு? டாக்டர் உங்களைப் பார்த்துக் கேக்க நினைக்கிற கேள்விக்கு நீங்க பதில் சொல்ல முடியாதே, அதுக்குத்தான்.

இதயத்துல ஸ்டென்ட் வச்சவர், வால்வு மாத்தினவர் எல்லாம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுவாங்க. அவங்களுக்குத் தலையில அடிபட்டா, மூளைக்குள்ள ரத்தக்கசிவு மத்தவங்களை விட வேகமா மோசமாகலாம். என்ன மாத்திரைன்னு தெரிஞ்சா, அதோட வேலையைக் கட்டுப்படுத்த என்ன மருந்து குடுக்கணும்னு டாக்டரால உடனே முடிவெடுக்க முடியும். இன்சுலின் போடுறவர் சர்க்கரை இறங்கி வண்டியோட சாஞ்சிருப்பார். வேர்த்துக் கொட்டி, நாக்கு குழறி, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம ஏதோ சொல்லுவார். சுத்தி நிக்கிற கூட்டம் என்ன சொல்லும்? "ஃபுல் மப்புல இருக்கான் சார்." வலிப்பு நோய் இருக்கிறவர்னா, வலிப்பு வந்து விழுந்தாரா, விழுந்து தலையில அடிபட்டதால வலிப்பு வந்துச்சாங்கிறதே குழப்பம். ஒரே ஒரு வரி எழுதியிருந்தா போதும், இந்தக் குழப்பம் பாதி தீரும்.

இப்போ நிறைய பேருக்குப் பிடிக்காத ஒண்ணு சொல்லப்போறேன். பெட்ரோல் டேங்க்லயும் ஹெல்மெட்லயும் 'பி பாசிட்டிவ்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களே, அதால பெருசா பிரயோஜனம் இல்ல. அதை நம்பி எந்த ஆஸ்பத்திரியும் ரத்தம் ஏத்தாது. உங்க ரத்தத்தை எடுத்து, வகை பார்த்து, குடுக்கப்போற ரத்தத்தோட ஒத்துப்போகுதான்னு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஏத்துவாங்க. அதுக்கும் நேரமில்லாத அவசரம்னா ஓ குரூப் ரத்தம் குடுப்பாங்க. எழுதினா தப்பில்ல, ஆனா சீட்டுல அதுக்குக் கடைசி இடம்தான். ஹெல்மெட் விஷயத்துல இன்னொரு வம்பும் இருக்கு. நம்ம வீட்டுல ஹெல்மெட் பொதுச்சொத்து. அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு தம்பி போவான். அண்ணனோட ரத்த வகை தம்பி தலையில போகும்.

இங்கிலாந்துல ஒரு முறை இருக்கு. பைக் ஓட்டுறவர் தன் விவரத்தை ஒரு சின்ன கார்டுல எழுதி ஹெல்மெட்டுக்குள்ள, உள்துணிக்குப் பின்னாடி வச்சுக்குவார். உள்ள கார்டு இருக்குன்னு ஆம்புலன்ஸ்காரங்களுக்குத் தெரிய, ஹெல்மெட் மேல ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். நல்ல யோசனை. ஆனா அங்க ஹெல்மெட் ஸ்ட்ராப்பைப் போடுறாங்க. இங்க போலீஸைப் பார்த்ததும் தலையில கவுக்கிறோம். விழுந்ததும் ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டு ஓடிடும், விவரமும் அதோட ஓடும். அதனால என் முடிவு, சீட்டு உடம்போட ஒட்டித்தான் இருக்கணும். சட்டைப் பை, இல்லேன்னா பேன்ட் பாக்கெட். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில டிக்கியில வைக்கிறது வேலைக்கே ஆகாது. ஆளை 108 ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடும், வண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்கும், சாவி எங்கேன்னே தெரியாது.

(திரையில்: ஏடிஎம் கார்டு அளவுள்ள ஒரு சீட்டு, கையில் பிடித்தபடி)

இதோ பாருங்க, இவ்வளவுதான் அளவு. மேல பெரிய எழுத்துல பேர், பொறந்த வருஷம், ஊர். அடுத்த வரி: 'அவசரத்துக்கு அழைக்க: மனைவி', பக்கத்துல நம்பர். அதுக்குக் கீழ 'அண்ணன்', அவர் நம்பர். பின்பக்கம் 'சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார்', 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது'. ஒண்ணும் இல்லேன்னா 'தொடர் மருந்து எதுவும் இல்லை'ன்னு எழுதுங்க. அதுவும் டாக்டருக்குத் தகவல்தான். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுங்க. ஓசூர் தாண்டினா கன்னடம், வாளையார் தாண்டினா மலையாளம். ஜெல் பேனா வேண்டாம், வேர்வை பட்டா கரைஞ்சுடும். பால்பாயின்ட்ல எழுதி, ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போட்டுக்கங்க. ஆதார் அசலைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். வீட்டு முழு முகவரியும் வேண்டாம். பர்ஸ் தொலைஞ்சா அது யார் கைக்குப் போகும்னு தெரியாது.

எந்த நம்பரை எழுதுறீங்கங்கிறதுலதான் பலர் கோட்டை விடுறாங்க. தெரியாத நம்பர்னாலே லோன்காரன்னு கட் பண்றவர் நம்பரை எழுதி என்ன பண்றது? யாரோட நம்பரை எழுதுறீங்களோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிவைங்க, "நான் வெளிய இருக்கிற நேரத்துல புது நம்பர் வந்தா எடு"ன்னு. குடும்பத்தோட ஒரே வண்டியில போறீங்களா? உங்க சீட்டுல மனைவி நம்பர், மனைவி பையில உங்க நம்பர், ரெண்டு பேருமே அதே வண்டியில. அதனால வண்டியில இல்லாத ஒருத்தர் நம்பர் கட்டாயம் இருக்கணும். ஒடிசாவுல இருந்தும் அசாம்ல இருந்தும் வந்து இங்க டெலிவரி வேலை பார்க்கிற தம்பிங்க, ஊர்ல இருக்கிற அப்பா நம்பரோட கூட ரூம்மேட் நம்பரையும் எழுதுங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து நிக்கப்போறது அவர்தான்.

இன்னொரு பக்கமும் உஷாரா இருக்கணும். "உங்க பையன் ஆக்ஸிடென்ட்ல கிடக்கான், உடனே பணம் அனுப்புங்க"ன்னு பேசி ஏமாத்துற கூட்டமும் இருக்கு. அதனால வீட்டுல சொல்லிவைங்க: போன் வந்தா முதல்ல எந்த ஆஸ்பத்திரின்னு கேளு, அந்த ஆஸ்பத்திரிக்கு நீயே போன் பண்ணிப் பாரு, அதுக்கு முன்னாடி ஒரு ரூபா அனுப்பாதே.

போனையும் சும்மா விட வேண்டாம். கேம்பிரிட்ஜ் பக்கம் ஆம்புலன்ஸ்ல வேலை பார்த்த பாப் பிராட்சிங்கிறவர் 2005-ல ஒரு யோசனை சொன்னார்: அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் நம்பரை 'ஐசிஇ', அதாவது 'இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி'ங்கிற பேர்ல போன்ல சேமிச்சு வைங்கன்னு. அந்த ஜூலையில லண்டன்ல குண்டு வெடிச்சப்புறம் அது உலகம் முழுக்கப் பரவுச்சு. அப்போ பட்டன் போன், யார் எடுத்தாலும் திறக்கும். இப்போ பூட்டுக்குள்ள 'ஐசிஇ' இருந்து யாருக்கு லாபம்? அதனால பூட்டுக்கு வெளிய கொண்டுவரணும். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் போய் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பாருங்க. ஐபோன்ல ஹெல்த் ஆப்ல 'மெடிக்கல் ஐடி'. விவரத்தைப் போட்டு, பூட்டியிருக்கும்போதும் தெரியணும்னு ஆன் பண்ணிடுங்க. ஆனா ரோட்டோரம் நிக்கிற ஒருத்தருக்கு அதை எங்க அழுத்தணும்னு தெரியுமாங்கிறது சந்தேகம்தான். அதைவிட எளிசு, ஒரு வெள்ளைத் தாள்ல நம்பரை எழுதி போட்டோ எடுத்து, லாக் ஸ்க்ரீன் படமா வச்சிடுறது. பவுச்சுக்குள்ளயும் ஒரு துண்டுச்சீட்டு வைங்க. ஹேண்டில்பார் ஹோல்டர்ல மாட்டின போன் எங்க போய் விழும்னு தெரியாதுங்கிறதால, இதெல்லாம் சட்டைப் பையில இருக்கிறதுக்குத் துணைதான்.

க்யூஆர் ஸ்டிக்கர்னு ஒண்ணு விக்கிறாங்க. தப்பு சொல்லல. ஆனா அதை ஸ்கேன் பண்ண நெட் வேணும், ஸ்கேன் பண்ணலாமான்னு தைரியம் வேணும். காகிதத்துக்கு ரெண்டும் வேண்டாம்.

விழுந்தவரைப் பார்க்கிற இடத்துல நீங்க இருந்தா, 108-க்குப் போன் பண்ணுங்க. மூச்சுத் திணறல் இல்லேன்னா ஹெல்மெட்டைக் கழட்ட வேண்டாம், கழுத்துல அடிபட்டிருக்கலாம். சட்டைப் பையைப் பார்க்கப் பயமா இருந்தா, பக்கத்துல இன்னொருத்தரைச் சாட்சிக்கு வச்சுக்கிட்டுப் பாருங்க. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோட உதவுறவங்களைப் பாதுகாக்குது. உங்க பேரைச் சொல்லணும்னுகூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசியா, பின்னாடி உக்காந்து வர்றவங்க. ஓட்டுறவர்கிட்டயாவது சில சமயம் லைசென்ஸ் இருக்கும், இவங்ககிட்ட ஒண்ணுமே இருக்காது. புடவைக்குப் பாக்கெட் கிடையாது, கைப்பை பறந்துபோயிடும். அம்மாவை வண்டியில கூட்டிட்டுப் போறவங்க, அம்மா இடுப்புல சொருகுற சுருக்குப் பையிலயோ சின்ன பர்ஸ்லயோ ஒரு சீட்டைப் போட்டுவிடுங்க. அப்பா இன்னும் டிவிஎஸ் 50-ல வயலுக்குப் போயிட்டு வர்றாருன்னா, இதெல்லாம் அவரா எழுத மாட்டார். அவர் சாப்பிடுற மாத்திரை அட்டையைப் பார்த்து, பேரை எழுத்துப் பிசகாம நீங்களே எழுதி, அவர் சட்டைப் பையில வைங்க. சட்டை மாத்தும்போது சீட்டையும் மாத்தணும்னு அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. இந்த வாரமே செஞ்சிடுங்க.