மூன்று மருந்து, அரை அளவு, வீங்காத கால்

கும்பகோணத்திலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “போன மாதம் எதேச்சையாகப் பார்த்ததில் பி.பி. 158-க்கு 96 என்று வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதேதான். டாக்டர் எடுத்த எடுப்பிலேயே இரண்டு மருந்து கலந்த மாத்திரையை எழுதிவிட்டார். என் மைத்துனருக்குப் பத்து வருஷமாக ஒரே மருந்துதான். எனக்கு ஆரம்பத்திலேயே இரண்டு என்றால், அவ்வளவு முற்றிப்போய்விட்டதா?”

முற்றவில்லை ஐயா. ஆனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் மாத்திரையை எண்ணித்தான் நோயை எடைபோடுகிறோம். டாக்டர்களும் வெகுகாலம் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்: முதலில் ஒரு மருந்து, அடங்காவிட்டால் அதையே கூட்டு, அதற்கும் அடங்காவிட்டால் இன்னொன்றைச் சேர். அந்தப் படிக்கட்டில் இரண்டாவது மருந்து என்றால் மேலே ஏறிவிட்டோம் என்று அர்த்தம். இப்போது அந்தப் படிக்கட்டையே கலைத்துவிட்டார்கள். ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதலும், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலும் பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்திலேயே இரண்டு மருந்து கொடுக்கலாம், முடிந்தால் ஒரே மாத்திரையில் கொடுக்கலாம் என்கின்றன. உங்கள் டாக்டர் அதைத்தான் செய்திருக்கிறார்.

2025 ஜூன் மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரு மாத்திரைக்கு, சிகிச்சையின் தொடக்கத்திலேயே கொடுக்கலாம் என்ற அனுமதியை அளித்தது. இப்படி ஒரு அனுமதி வந்தாலே “ரத்தக்கொதிப்புக்குப் புதிய மருந்து” என்ற வாட்ஸ்அப் செய்தி கிளம்பிவிடும். அந்த மாத்திரைக்குள் இருப்பவை டெல்மிசார்டான், அம்லோடிபின், இன்டபமைடு. மூன்றும் பல பத்தாண்டுகளாக நம்மூர் மருந்துக் கடையில் கிடைப்பவை. புதிதாக இருப்பது அளவு மட்டும்தான். ஆகக் குறைந்த மாத்திரையில் டெல்மிசார்டான் 10 மி.கி., அம்லோடிபின் 1.25 மி.கி., இன்டபமைடு 0.625 மி.கி. வழக்கமாக நாம் விழுங்கும் 40 மி.கி., 5 மி.கி., 1.5 மி.கி. அளவுகளோடு வைத்துப் பாருங்கள். மூன்று மருந்து என்றாலும் மூன்றும் துளித்துளிதான்.

அரை அளவு மருந்து பாதி வேலைதான் செய்யும் என்று தோன்றும். பி.பி. மருந்துகள் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. 354 ஆய்வுகளைத் திரட்டி லண்டனைச் சேர்ந்த மால்கம் லாவும் நிக்கலஸ் வால்டும் சகாக்களோடு 2003-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வழக்கமான அளவில் பாதியைக் கொடுத்தால் பி.பி. இறங்குவது ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. மருந்தால் வரும் தொந்தரவோ சில வகை மருந்துகளில் சரிபாதிக்கும் கீழே போய்விடுகிறது. அம்லோடிபின் வகை மருந்துகளில் அரை அளவுக்குத் தொந்தரவு வந்தவர்கள் 1.6 சதவீதம், முழு அளவுக்கு 8.3, இரட்டை அளவுக்கு 14.9. பலன் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது, தொந்தரவு தளராமல் ஏறிக்கொண்டே போகிறது. அப்படியிருக்க, ஒரே மருந்தைக் கூட்டிக்கொண்டே போவானேன்? வேறு வேறு வழியில் வேலை செய்யும் இரண்டை எடுத்து, இரண்டையும் சிறிதாக வைத்துக்கொள்ளலாமே. 42 ஆய்வுகளை அலசிய வால்டின் 2009 கட்டுரை, இன்னொரு வகை மருந்தைச் சேர்ப்பது இருக்கிற மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக பி.பி.யை இறக்குகிறது என்று கண்டது.

எண்கள் இருக்கட்டும். இந்தக் கூட்டு மருந்து விவகாரத்தில் என்னை மயக்கிய சங்கதி ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டியது என் அத்தையின் கால்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அத்தைக்கு அப்போது 68 வயது. அம்லோடிபின் 5 மி.கி. போட்டும் பி.பி. பிடிபடவில்லை என்று 10 ஆக்கினார்கள். பி.பி. இறங்கியது. இரண்டு மாதத்தில் கால் வீங்கத் தொடங்கியது. காலையில் ஒன்றும் இருக்காது. பொழுது சாயும்போது செருப்பு வார் பாதத்தில் புதைந்து, கழற்றினால் சிவப்பாகத் தடம் தெரியும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். எடுத்த பிறகும் பிசைந்த மாவில் அழுத்தியது போல் குழி அப்படியே நின்றது. “கிட்னி போச்சோ?” என்று வீடே கலங்கியது. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. நெருஞ்சில் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், பார்லிக் கஞ்சி காய்ச்சினார்கள். அதற்கும் வற்றவில்லை என்றதும் நீர் பிரியும் மாத்திரை ஒன்று சேர்ந்தது. ராத்திரியில் மூன்று முறை எழுந்து கொல்லைக்குப் போனதுதான் மிச்சம். வீக்கம் இருந்த இடத்தில் இருந்தது.

மாமா காவிரித் தண்ணீரில் ஐம்பது வருஷம் விவசாயம் பார்த்தவர். அவரிடம்தான் கேட்டேன்.

“மாமா, மடையை அகலத் திறந்துட்டு வடிகாலைக் குறுகலா வுட்டா வயல் என்ன ஆவும்?”

“தண்ணி தேங்கும். வரப்பு ஊறி அடுத்த வயல்ல கசியும். இதுல கேக்க என்ன இருக்கு?”

அத்தையின் காலில் நடந்தது அதுதான். பெரிய தமனிகளை வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பிரியும் நுண்தமனி மடை. மயிரிழையைவிட மெல்லிய தந்துகிகள் வயல். அங்கிருந்து ரத்தம் திரும்பும் நுண்சிரை வடிகால். அம்லோடிபின் நுண்தமனிச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது, அதாவது மடைப் பலகையைத் தூக்குகிறது. வாய்க்காலில் மட்டம் இறங்குகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான், கரை உடையாமல் பிழைத்தது. ஆனால் நுண்சிரையின் மேல் அம்லோடிபினுக்குப் பெரிய பிடிப்பு இல்லை. வடிகால் பழைய அகலத்திலேயே நிற்கிறது. வருவது கூடிப் போவது கூடாவிட்டால் வயலில் தண்ணீர் நெஞ்சு முட்ட நிற்கும். தந்துகிச் சுவர் என்ற வரப்பின் வழியே நீர் கசிந்து சதைக்குள் இறங்குகிறது. ஊரிலேயே பள்ளமான வயல் கணுக்கால், அதனால் முதலில் ஊறுவது அதுதான். ராத்திரி படுத்தால் நிலம் சமமாகிவிடுகிறது, விடிவதற்குள் வற்றிவிடுகிறது. நண்டு வளை உள்ள வரப்பு சீக்கிரம் கசிகிற மாதிரி, ஒரே 10 மி.கி. எல்லார் காலையும் ஒரே மாதிரி வீங்க வைப்பதில்லை. பெண்களுக்கே அதிகம் வருகிறது.

நீர் மாத்திரை ஏன் தோற்றது என்பதும் இங்கே புரிந்துவிடும். அத்தையின் உடம்பில் தண்ணீர் கூடிவிடவில்லை, இருக்கும் தண்ணீர் இடம் மாறியிருந்தது. மேட்டூரில் திறப்பைக் குறைப்பதால் எங்கள் மாமா வயலின் வடிகால் அகலமாகாது. வடிகாலைத்தான் வெட்ட வேண்டும். அந்த மண்வெட்டி டெல்மிசார்டான். நுண்தமனியையும் நுண்சிரையையும் சேர்த்துச் சுருக்கிப் பிடிக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனை அது மறிக்கிறது. மறித்ததும் மடை இன்னும் கொஞ்சம் திறக்கிறது, வடிகாலும் திறக்கிறது. வயலில் மட்டம் இறங்கிவிடும். இந்த வகை மருந்தை அம்லோடிபினோடு சேர்த்தால், அம்லோடிபின் வகையைத் தனியே போடுவதைவிடக் கால் வீக்கம் 38 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அத்தைக்கு வேறொரு டாக்டர் அம்லோடிபினை 5-க்கு இறக்கி, டெல்மிசார்டான் 40 சேர்த்து ஒரே கூட்டு மாத்திரையாக்கி, நீர் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாவது வாரம் செருப்பு வார் தடம் பதியவில்லை. பி.பி.யும் முன்பைவிட இறங்கியிருந்தது. ஒரு மருந்தின் பலனைக் கூட்டிய இரண்டாவது மருந்து, முதல் மருந்தின் தொந்தரவையும் துடைத்துவிட்டுப் போனது. இவ்வளவு பொருத்தமான ஜோடி மருந்துலகில் அடிக்கடி அமைவதில்லை.

குளோர்தாலிடோன், இன்டபமைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்துகளுக்கும் இப்படி ஒரு துணை வேண்டியிருக்கிறது. உடம்பிலிருந்து உப்பும் நீரும் போனால் சிறுநீரகம் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. ரெனின் சுரக்கிறது, ஆஞ்சியோடென்சின் பெருகுகிறது, ரத்தக்குழாய் இறுகுகிறது. மருந்து இறக்கியதில் ஒரு பங்கை உடம்பே திரும்ப ஏற்றிவிடுகிறது. டெல்மிசார்டான் கூட இருந்தால் அந்தத் திருப்பித் தாக்குதல் பலிக்காது. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஒன்று இறக்கப் பார்க்கும், மற்றது ஏற்றப் பார்க்கும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. பம்பாயில் இதயநோய் மருத்துவராக இருந்த ருஸ்தம் ஜல் வக்கீல், சர்ப்பகந்தி வேர் ரத்தக்கொதிப்பை இறக்குகிறது என்று 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார். அந்த வேரிலிருந்து 1952-இல் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் 143 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1967-இல் வெளிவந்தது. எல்லாருக்கும் கீழ் அளவே 115-க்கு மேல். வெற்று மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மருந்து பெற்ற 73 பேரில் இருவருக்கு மட்டும். ரத்தக்கொதிப்புக்கு வைத்தியம் செய்தால் உயிர் பிழைக்கும் என்று அடித்துச் சொன்ன முதல் பெரிய ஆய்வு இது. அதில் கொடுத்தது ரெசர்பினும் வேறு இரண்டும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு. ஆக, கூட்டு மருந்து நேற்று முளைத்த யோசனை அல்ல.

அதனாலேயே இதை மாயமாத்திரையாக விற்பவர்களை நான் நம்பத் தயங்குகிறேன். மேலே சொன்ன வால்டும் லாவும் அதே 2003-இல், மூன்று பி.பி. மருந்து, கொழுப்பு மருந்து, ஆஸ்பிரின், ஃபோலிக் அமிலம் ஆகியவற்றை ஒரே மாத்திரையில் அடைத்து 55 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் கொடுத்தால் மாரடைப்பும் பக்கவாதமும் 80 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று கணக்குச் சொன்னார்கள். உலகமே பேசியது. ஃபோலிக் அமிலம் பிறகு பொய்த்தது. நோயில்லாதவர் தடுப்புக்காக ஆஸ்பிரின் போடுவதும் ரத்தக்கசிவுக்குப் பயந்து குறைந்துவிட்டது. ஈரானில் 6,838 பேரிடம் இதே பாணி மாத்திரையைச் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது கிடைத்தது 34 சதவீதக் குறைவு. அதுவே பெரிய வெற்றிதான். 80 என்று சொல்லி வைத்ததால் அது சின்னதாகத் தெரிந்தது.

கூட்டு என்ற சொல்லுக்கே ஒரு மகிமையும் இல்லை. ராமிப்ரில், டெல்மிசார்டான் இரண்டும் ஆஞ்சியோடென்சின் வழியில்தான் வேலை செய்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 25,620 பேரோடு நடந்து 2008-இல் வெளிவந்தது. கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகத்துக்குக் கெடுதல் கூடியது. ஒரே வடிகாலை இரண்டு பேர் வெட்டினால் கரைதான் சரியும். நம் நாட்டில் பொருந்தாத மருந்துகளைக் கலந்து விற்கும் பழக்கம் எவ்வளவு முற்றியிருந்தது என்றால், 2016-இல் ஒரே மூச்சில் 344 கலவைகளை மத்திய அரசு தடை செய்ய வேண்டியிருந்தது. நல்ல ஜோடிகளும் அந்தக் கும்பலோடு சேர்த்துச் சந்தேகிக்கப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பி.பி. கூட்டு மாத்திரைகளுக்கு 2019-இல்தான் இடம் கொடுத்தது.

நம் பக்கத்து ஆட்களிடம் இது பலித்ததா என்று கேட்டால், இலங்கை பதில் வைத்திருக்கிறது. அங்கே 11 மருத்துவமனைகளின் கிளினிக்குகளில் 700 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2018-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு டெல்மிசார்டான் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை, மற்றவர்களுக்கு வழக்கமான வைத்தியம். ஆறு மாதத்தில் இலக்கைத் தொட்டவர்கள் முதல் பிரிவில் 70 சதவீதம், இரண்டாவதில் 55. தொந்தரவால் மருந்தை விட்டவர்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வழக்கமான வைத்தியப் பிரிவில் ஆறு மாதம் கழித்தும் மூன்றில் ஒருவர்தான் இரண்டு மருந்துக்கு வந்திருந்தார். எனக்கு உறுத்துவது அந்த எண்தான். “அடுத்த மாதம் பார்ப்போம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் 150-லேயே ஒரு மாதம் ஓடிவிடுகிறது. இந்தியாவில் 32 மையங்களில் 1,981 பேரிடம் மூன்று விதமான இரட்டை மருந்து மாத்திரைகளை ஒப்பிட்டதில், எந்த ஜோடியானாலும் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் 140-க்கு 90-இன் கீழே வந்தது.

எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். எழுந்து நிற்கும்போது கண் இருட்டும் முதியவர்களுக்கு ஒரு மருந்தோடு மெதுவாகத் தொடங்குவதுதான் சரி. கருவுற்ற பெண்களுக்கு டெல்மிசார்டான் வகை குழந்தைக்கே ஆபத்து. கூட்டு மாத்திரையில் ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று பிரித்துப் பார்ப்பதும் சிரமம்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கொட்டை எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களையும் மி.கி. எண்களையும் படியுங்கள். பெயருக்குப் பின்னால் ‘ஏ.எம்.’ என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் கலந்தது, ‘எச்’ என்றால் நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தையின் மருந்து டப்பாவை அப்படித்தான் திருப்பிப் பார்த்தேன். புதிய கூட்டு மாத்திரை அட்டைக்கு அடியில் பழைய அம்லோடிபின் 5 அட்டையும் இருந்தது. அதிலும் நான்கு குழி காலியாகியிருந்தது. “வாங்குனத வீணாக்குவானேன்னு போட்டேன்” என்றார் அத்தை.