பனிமலை ஏரிகளும் நமது கடமையும்

இமயமலையை நமது தேசத்தின் அரண் என்றும், ஜீவநதிகளின் பிறப்பிடம் என்றும் போற்றுகிறோம். அம்மலையின் மடியில் தேங்கிக் கிடக்கும் ஏரிகளைப் பற்றியோ நம்மிற் பலர் நினைப்பதே இல்லை. அவை உடையுங்கால் கீழேயுள்ள ஜனங்களின் கதி யாதாகும் என்பதற்கு இரண்டு சரித்திரங்களை எடுத்துரைப்போம்.

1893 செப்டம்பரில், கர்வால் பிரதேசத்துக் கோஹ்னா கிராமத்தருகே மலைச்சரிவு இடிந்து விழுந்து, அலகநந்தையில் கலக்கும் பிரஹி கங்கையை அடைத்துக்கொண்டது. அடைப்பின் உயரம் சுமார் 900 அடி. அதன் பின்னே ஜலம் தேங்கிப் பெரியதோர் ஏரியாயிற்று. மறு வருஷ மழைகாலத்தில் அது நிரம்பி வழியுமென இஞ்சினீயர்கள் கணக்கிட்டனர். ஏரியிலிருந்து ஹரித்துவாரம் வரை தந்திக்கம்பி போடப்பட்டது. வெள்ளம் எட்டக்கூடிய மட்டத்தைக் காட்டும் தூண்கள் கரை நெடுக நாட்டப்பட்டன. 1894 ஆகஸ்டு 25ஆம் தேதி இரவு அடைப்பு உடைந்தது. கர்வாலின் ஸ்ரீநகர்ப் பட்டணம் பெரும்பாலும் அழிந்தது. ஆயினும் மாண்டவர் ஐவரே. முன்னரே அப்புறப்படுத்தப்பட்டும் திரும்பிச் சென்ற ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாருமே அவர்கள்.

இனி மற்றொன்று. சிக்கிமின் வடபால், பனியாறு தள்ளிவந்த கல்லும் மண்ணுமே கரையாக அமைந்தது தெற்கு லோனாக் ஏரி. பனி உருக உருக அது பன்மடங்கு பெருகிற்று. 2013லேயே நமது விஞ்ஞானிகள் அதன் அபாயத்தை எடுத்துக் காட்டினர். 2016இல் குழாய்கள் வைத்து ஜலத்தைச் சிறிது வடிக்கவும் செய்தனர். 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு பக்கத்துச் சரிவு ஏரிக்குள் சரிய, அலை எழுந்து கரையை உடைத்தது. தீஸ்தா நதியில் பாய்ந்த வெள்ளம், 1,200 மெகாவாட் மின்சார நிலையத்திற்கென்று கட்டிய சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனவரும் பலர்.

கோஹ்னாவில் ஆயத்தம் செய்ய ஓராண்டு அவகாசம் இருந்தது, இங்கோ ஓரிரவில் நேர்ந்தது என்று சிலர் சமாதானம் கூறலாம். சரிவு ஓரிரவில் நேர்ந்தது மெய்யே. ஆனால் அபாயம் தெரிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உடைந்த ஏரியின் ஜலம் கீழூர்களை அடையவும் நாழிகைகள் சில செல்லும். அந்த நாழிகைகளே உயிர் காக்கும் நாழிகைகள். அவற்றைப் பயன்படுத்தவே கோஹ்னாவில் தந்திக்கம்பி போட்டனர்.

அந்நிய ஆட்சியைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு அது செய்ததை, ஜனங்களின் சொந்த சர்க்கார் அதனினும் செவ்வையாகச் செய்யவேண்டும் என்பதே நமது வாதம். 2024இல் மத்திய சர்க்கார் நான்கு மலை ராஜ்யங்களின் பனியேரிகளுக்கென 150 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது வரவேற்கத்தக்கதே. எனினும், வானத்துத் துணைக்கோள் ஏரியைக் கண்டால் மட்டும் போதாது. கண்ட செய்தி ஆற்றங்கரைக் குடிசையில் உறங்குபவனை எழுப்பவேண்டும். அபாயமுள்ள ஏரி ஒவ்வொன்றிலும் இடையறாக் காவல், கிராமந்தோறும் அபாயச் சங்கு, மேட்டுக்கு ஏறும் வழியைக் குழந்தைகளும் அறியும்படி பயிற்சி, இவை நிறைவேறும் வரை புதிய அணைகளுக்கு அவசரப்படாமை: இவற்றையே நாம் கோருகிறோம். அடுத்த மழைகாலத்திற்கு முன் இவ்வேலை தொடங்கட்டும்.