குழந்தைக்கு வேர்க்கடலை கொடுக்கலாமா? பழைய அறிவுரையைத் தலைகீழாக்கிய ஆய்வு

சித்தூர்: தமிழ்நாடு, கர்நாடக எல்லைகளுக்கு அருகே, ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள சாந்திபுரம், குப்பம் பகுதிகளில் மானாவாரியாக விளையும் வேர்க்கடலை, சட்னியாகவும் பொடியாகவும் வெல்லப்பாகு சேர்த்த உருண்டையாகவும் வீட்டுக்கு வீடு உண்ணப்படுகிறது. ஆனால், குழந்தை வளர்ப்புக் குறிப்புகளைக் கைபேசியில் தேடும் இளம் பெற்றோரின் கண்ணில், "மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை இன்றும் தென்படக்கூடும். மருத்துவ உலகம் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு லண்டன் கிங்ஸ் கல்லூரியின் குழந்தைகள் ஒவ்வாமைப் பேராசிரியர் கிடியன் லாக்கிற்கு உண்டு.

ஒவ்வாமைக்குக் காரணமாகும் உணவைக் குழந்தையிடமிருந்து விலக்கி வைத்தால் ஒவ்வாமை வராது என்பதே பழைய எண்ணம். அதன்படி பிரிட்டன் அரசு 1998ஆம் ஆண்டிலும், அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2000ஆம் ஆண்டிலும், ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என அறிவுறுத்தின. அதற்குப் பின்னரும் மேலை நாடுகளில் இந்த ஒவ்வாமை குறையவில்லை. போதிய ஆதாரம் இல்லை எனக் கூறி அமெரிக்க அகாதெமி 2008இல் தனது பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. எனினும், விலக்குவதற்குப் பதிலாக என்ன செய்வது என்ற கேள்விக்கு அப்போது விடை இல்லை.

அந்த விடைக்கான துப்பு இஸ்ரேலில் கிடைத்தது. லாக்கும் அவரது குழுவினரும் பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் வாழும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்டனர். பிரிட்டனில் 1.85 சதவீதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. இஸ்ரேலில் அது 0.17 சதவீதம் மட்டுமே. இரு தரப்பினரும் ஒரே மரபினர் என்பதால் பரம்பரையைக் காரணமாகக் கூற இயலவில்லை. உணவுப் பழக்கத்தில்தான் வேறுபாடு தெரிந்தது. இஸ்ரேலில் வேர்க்கடலை சேர்த்த 'பம்பா' என்னும் சோளப்பொரி நொறுக்குத்தீனியைக் குழந்தைகள் முதல் வயதிலேயே உண்கின்றனர். பிரிட்டன் குழந்தைகளோ அந்த வயதில் வேர்க்கடலையை ஏறக்குறைய உண்பதே இல்லை. இந்த ஒப்பீடு 2008இல் வெளியானது.

ஒப்பீடு மட்டும் சான்றாகிவிடாது. எனவே கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உடைய, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகளை லாக் குழுவினர் ஆய்வில் சேர்த்தனர். ஒரு பிரிவினர் ஐந்து வயது வரை வேர்க்கடலையை முற்றிலும் தவிர்த்தனர். மற்றொரு பிரிவினர் வாரத்துக்கு 6 கிராம் வேர்க்கடலைப் புரதத்தை மூன்று வேளைகளாகவோ அதற்கு மேலாகவோ பிரித்து உண்டனர்.

முடிவுகள் 2015 பிப்ரவரியில் வெளியாயின. தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களுள் 13.7 சதவீதத்தினருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. உண்டவர்களுள் அது 1.9 சதவீதம். லேசான எதிர்வினை காட்டியவர்களில் இந்த விகிதங்கள் முறையே 35.3, 10.6 சதவீதம். அதாவது, பாதுகாப்பு எனக் கருதி விலக்கியதே தீங்காக முடிந்திருக்கிறது. அதே குழந்தைகளை ஏறத்தாழ 13 வயதில் மீண்டும் பரிசோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் விருப்பப்படி உண்டிருந்தும் பாதுகாப்பு நீடித்தது.

இதற்கு லாக் அளிக்கும் விளக்கம் கவனிக்கத்தக்கது. குடல் வழியாக வரும் உணவை நோய் எதிர்ப்பு மண்டலம் உணவாக ஏற்கப் பழகுகிறது. வெடித்து, அழற்சியுற்ற தோல் வழியாக அதே உணவின் துகள் நுழைந்தால் அதைப் பகையாகக் கருதுகிறது. வேர்க்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தோல் தடிப்புள்ள குழந்தைகளுக்குத் தடவியதற்கும் பின்னாளில் ஏற்பட்ட ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதை அவரது 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கமுள்ள நம் வீடுகளிலும், தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு எதைத் தடவுவது என்பதை மருத்துவரிடம் கேட்பதே நன்று.

இந்தியாவின் நிலை என்ன? மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் பி.ஏ.மகேஷ் உள்ளிட்டோர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு, சாந்திபுரத்துக்கு அண்மையில் உள்ள பெங்களூருவிலும் மைசூருவிலும் 6 முதல் 11 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தது. ரத்தப் பரிசோதனையில் 19.1 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான 'ஐஜிஇ' எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆனால், அறிகுறிகளுடன் கூடிய உணவு ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ளவர்கள் 0.14 சதவீதத்தினர் மட்டுமே. ஹாங்காங்கில் இது 1.5 சதவீதம். இந்தியாவின் குறைந்த விகிதத்துக்கு வேர்க்கடலைச் சட்னிதான் காரணம் என்று முடிவு கட்ட இந்த ஆய்வு இடம் தரவில்லை.

பெற்றோருக்கு அதிகம் பயன்படுவது அந்த இரு எண்களுக்கும் இடையிலான தொலைவுதான். தனியார் ஆய்வகங்களில் பல உணவுகளுக்கு ஒரே தொகுப்பாகச் செய்யப்படும் ரத்தப் பரிசோதனையில் குறி தென்பட்டது என்பதற்காக மட்டும் பால், முட்டை, கடலை அனைத்தையும் நிறுத்துவது, வளரும் குழந்தையின் ஊட்டத்தைப் பறிப்பதாகும். உண்டபின் என்ன நேர்ந்தது, எவ்வளவு நேரத்தில் நேர்ந்தது என்ற விவரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அறிக்கைக்குப் பொருள் உண்டு.

ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கியபின், வறுத்து நைசாக அரைத்த வேர்க்கடலையைக் கஞ்சியிலோ குழைத்த சோற்றிலோ சிறிதளவு கலந்து தொடங்கலாம். முழுக் கடலை கூடாது. அது மூச்சுக்குழாயில் சிக்கும் என்பதால் ஐந்து வயது வரை தவிர்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் நச்சு இருக்கலாம் என்பதால் அதையும் ஒதுக்க வேண்டும். கடுமையான தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மருத்துவரின் ஆலோசனைக்குப் பிறகே முதல் வாய் கொடுக்க வேண்டும். லாக்கின் ஆய்விலும், தோல் பரிசோதனையில் பெரிய எதிர்வினை காட்டிய குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. ஏற்கெனவே ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு வீட்டில் கொடுத்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடலில் தடிப்பு, உதடு அல்லது முக வீக்கம், தொடர் வாந்தி ஆகியவை தோன்றினால் அந்த உணவை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். மூச்சிரைப்பு, குரல் கம்மல், குழந்தை துவண்டு போதல் ஆகியவை ஏற்பட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அந்நிலையில் உயிர் காப்பது தொடைத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே. ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது.