துரு உள்ளிருந்து வரும்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் ஒரு தேயிலைத் தோட்டத்தை மற்றொன்றோடு இணைக்கும் மண்பாதைகள், தொழிற்சாலைக்குப் போகும் கொழுந்தும் அங்கிருந்து வெளியேறும் தேயிலைப் பெட்டிகளும் வண்டியேறிச் செல்லத்தக்க மென்சரிவில், மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்டவை. அத்தகைய பழைய பாதைகளைத் தொடுத்தே, கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ ட்ரெயில்’ என்னும் நெடும்பாதை, 300 கிலோமீற்றருக்கும் கூடிய நீளத்தில் 22 கட்டங்களாக அமைக்கப்பட்டுள்ளது. மவுன்டன் பைக் எனப்படும் மலைச்சைக்கிள் பிறந்த பாதைகளும் ஏறத்தாழ இதே இயல்புடையவை என்பதால், பழைய மலைச்சைக்கிளின் பிரேமை மீட்டெடுக்கும் தொழிலை மலையகத்தின் மண்ணோடும் மழையோடும் சேர்த்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் மாவட்டத்து டமல்பாய்ஸ் மலைப்பகுதியில், காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் வாகனங்களுக்கென வெட்டிய மண்பாதைகளில், 1930களில் செய்த கனத்த ஷ்வின் சைக்கிள்களை ஓட்டி இறங்கிய இளைஞர்கள், 1976 ஒக்டோபர் 21 அன்று ‘ரீபேக்’ என்ற முதல் பந்தயத்தை நடத்தினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கைக் கொண்டிருந்த பின் ஹப், ஒரே இறக்கத்தில் கிறீஸ் முழுவதும் புகைந்துபோகும் அளவுக்குச் சூடானதால், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதுக் கிறீஸை அடைக்க வேண்டியிருந்தது. பந்தயத்தின் பெயர் அவ்வேலையிலிருந்தே வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் இத்தகைய ஓட்டத்துக்கென்றே பிரேம்களைச் செய்தார். 1981இல் ஜப்பானில் தயாரான ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்ப்பர்’ மலைச்சைக்கிளைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஜப்பானிலும் தாய்வானிலும் செய்யப்பட்ட எஃகுப் பிரேம்களே இன்று ‘விண்டேஜ்’ என்று போற்றப்படுகின்றன. ஜப்பானில் பாவித்துக் கழித்த சைக்கிள்கள் இலங்கைக்குக் கொள்கலன்களில் வந்து விற்பனையாவது வழமை. அவற்றிடையே இத்தகைய பிரேம் ஒன்று கண்ணில் படக்கூடும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு, மூலையில் கிடந்த பல சைக்கிள்களை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தது.

நல்ல பிரேமை இனங்காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. காந்தம் ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். எஃகிலும் தரவேறுபாடு உண்டு. சிறிதளவு குரோமியமும் மொலிப்டினமும் கலந்த ‘குரோமோலி’ வலிமை மிக்கது என்பதால், குழாயின் நடுப்பகுதியை 0.6 மில்லிமீற்றர் வரை மெல்லியதாகவும், மூட்டுகள் வரும் இரு முனைகளையும் 0.9 மில்லிமீற்றர் தடிப்பாகவும் இழுக்க முடிந்தது. ‘பட்டெட்’ குழாய் எனப்படுவது இதுவே. இருக்கைக் கம்பியை உருவி அதன் விட்டத்தை அளந்தால், 27.2 மில்லிமீற்றரோ அதற்குச் சற்றுக் குறைவோ இருப்பது மெல்லிய குழாய்க்கு அறிகுறியாகவும், 25.4க்கு இறங்குவது தடித்த சாதாரண எஃகுக்கு அறிகுறியாகவும் பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால் உருவுவதற்குக் கம்பி அசைய வேண்டும். புதுப்பிப்பவரின் பொறுமை சோதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அலுமினியக் கம்பி எஃகுக் குழாய்க்குள் ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் நின்றால், இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியத்தின் மேல் வளரும் வெண்மையான ஒட்சைட்டு இடைவெளியை அடைத்து, கம்பியைக் குழாயோடு இறுக்கிவிடுகிறது. மாதக்கணக்கில் மூடுபனி படியும் நுவரெலியாவிலும், தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்கும் ஹட்டன் பக்கத்திலும் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. சூடாக்கினால் விரிந்து விடுபடும் என்று பலர் விளக்கைக் கையில் எடுக்கின்றனர். ஆனால் ஒரே வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியுமாதலால் பிடி மேலும் இறுகுவதே பெரும்பாலும் மிச்சம், குளிர்விப்பதே சரியான வழி. பெடல் அச்சைக் கழற்றிவிட்டு, பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, கீழ்வாய் வழியே ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சில நாட்கள் ஊறவைத்த பின், கம்பியின் தலையை வைஸில் கவ்வி, பிரேமையே நெம்புகோலாகப் பிடித்து மெல்லத் திருப்பினால், முதலில் ஒரு கிறீச்சொலியும் பிறகு மயிரிழை அசைவும் கிடைக்கும். அதுவும் பலிக்காவிட்டால் கம்பியை உள்ளிருந்து நீளவாட்டில் இரம்பத்தால் அறுத்தெடுப்பதே எஞ்சும்.

கம்பி வெளிவந்த பின் குழாய்க்குள் விளக்கொளி பாய்ச்சிப் பார்ப்பதே பிரேமின் உண்மையான பரிசோதனை. வெளிப்பூச்சு உரிந்து துருப்பிடித்த பிரேமைக் கண்டு அஞ்சுவோர், பளபளப்பாக நிற்பதை நம்பி ஏமாறுவது உண்டு. மேலிருந்து இறங்கும் நீர், பெடல் அச்சுக் கூட்டில்தான் தேங்கும், மெல்லிய குழாய்ச் சுவரை உள்ளிருந்து தின்னும் துருவுக்கு வெளிப்பூச்சு ஒரு தடையன்று. எனவே மணல் பீச்சிச் சுரண்டிப் புதுப்பூச்சு அடிப்பதற்கு முன், உட்புறத்தைத் துருநீக்கி, ஆளிவிதை எண்ணெய் போன்று உலர்ந்து படலமாகும் ஒன்றைக் குழாய்தோறும் சுழற்றி ஊற்றுவது முதன்மையான வேலை.

எஃகின் மற்றொரு பெருமை, வளைத்து நேராக்க இடந்தருவது. பின் சில்லின் இரு பக்கத்து அச்சுப் பிளவுகளுக்கும் இடையிலான அகலம் 1980களின் பிரேம்களில் 126 அல்லது 130 மில்லிமீற்றராகவும், பிற்காலத்தவற்றில் 135 ஆகவும் உள்ளது. புதிய ஹப்பைப் பொருத்த, பின்கால்களைப் பக்கத்துக்கு 2.5 மில்லிமீற்றர் விரித்தால் 130, 135 ஆகிவிடும். ஒரு பிளவிலிருந்து நூலைக் கட்டி, முன்புறக் குழாயைச் சுற்றி, மறு பிளவுக்குக் கொண்டுவந்து, இருக்கைக் குழாயிலிருந்து இருபக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் கோணல் தெரிந்துவிடும். சாதாரண நூலுருண்டை இங்கே விலையுயர்ந்த கருவியின் வேலையைச் செய்கிறது. அலுமினியப் பிரேமில் இந்த வளைப்பை முயலலாகாது. அது வெடிப்பில் முடியும்.

மேம்படுத்தலில் முதலிடம் கியருக்கு உரியது. முன்பல் 28, பின்பல் 28 என்ற பழைய சேர்க்கையில், 26 அங்குலச் சில்லு பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.07 மீற்றர் நகர்கிறது. முன் 32, பின் 42 ஆக மாற்றினால் அது 1.58 மீற்றராகிறது. றம்பொடை ஏற்றத்தில் இந்த அரை மீற்றரே உட்கார்ந்து மிதிப்பதையும் இறங்கித் தள்ளுவதையும் பிரிக்கும் கோடு. பிரேக்கைப் பொறுத்தவரை, கன்டிலீவர் தாங்கிகளிலேயே 1996இல் வந்த வி-பிரேக்கை மாட்டலாம். ஆனால் அது அதிகக் கேபிளை இழுக்க வேண்டியதாகையால் கைப்பிடி லீவரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக்குக்காகப் பின்காலில் புதிதாகத் தாங்கியை வெல்டிங் செய்வது, மெல்லிய குழாயின் மேல் அது சுமப்பதற்கென்று வடிவமைக்கப்படாத சுமையை ஏற்றுவதாகும்.

அதைவிடவும் அடிக்கடி நிகழும் தவறு, முன்புறத்தில் சஸ்பென்ஷன் போர்க்கைப் பூட்டுவது. 100 மில்லிமீற்றர் அசைவுள்ள போர்க், பழைய கடினப் போர்க்கைவிட ஆறேழு சென்டிமீற்றர் உயரமாக நிற்பதால், 71 பாகைக் கோணத்தில் இருந்த முன்குழாய் மூன்று பாகை வரை சரிந்து, ஏற்றத்தில் முன்சில்லு அலைகிறது. நீண்ட போர்க்கின் நெம்பலும் கீழ்க்குழாயின் மூட்டிலேயே விழுகிறது. அகலமான டயரைக் காற்றுக் குறைத்து ஓட்டுவது, இவ்வளவு பிரயாசையின்றி அதே குலுக்கத்தில் பெரும்பகுதியைத் தணிக்கும்.

மழைக்காலத்தில் ஓடிய பிரேமின் நலத்தை அறிய எளிய முறை ஒன்றுண்டு. இருக்கைக் கம்பியை உருவி, சைக்கிளைத் தலைகீழாகச் சாய்த்து, குழாய்க்குள் தங்கியிருந்த நீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிந்து வடிந்தால் எண்ணெய்ப் படலம் இன்னும் இருக்கிறது; சாயத் தண்ணீரின் நிறத்தில் வடிந்தால், அந்தப் பிரேம் மீண்டும் பட்டறைக்குப் போக வேண்டியது.